80 கட்டங்களுக்குள் ஓர் அறிவிப்பு

சர்வரில் நுழைந்தவுடன் முனையத்தில், அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரையில், தோன்றும் அறிவிப்பு இனித் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் முடிவு செய்தார். பராமரிப்பு நெறிமுறைகளை இரவுப் பணியாளர்கள் படிக்காமல் இருப்பதற்கு ஆங்கிலமே காரணம் என்பது அவருடைய கணிப்பு. சக ஊழியர் ஒருவர் அறிவிப்பைத் தெளிவாகவே எழுதிக் கொடுத்தார். ஆனால் பத்தி ஒவ்வொன்றும் ஒரே நீண்ட வரியாக இருந்ததால், முனையம் வலது ஓரம் வந்த இடத்தில் சொல்லை நடுவிலேயே அறுத்து, மிச்சத்தை அடுத்த வரியில் போட்டது. முனையத் திரை எழுத்துகளுக்கான சம அகலக் கட்டங்களாகப் பிரிந்தது; வரிகளை 80 கட்ட அகலத்துக்குள் மடித்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

1928ஆம் ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட, தரவைத் துளைகளாகப் பதிக்கும் துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. 1978இல் வந்த விடி100 முனையத்திலும் ஒரு வரிக்கு 80 கட்டங்கள். துளை அட்டையைக் கண்ணால் கூடக் காணாத நாங்கள், அதன் அகலத்தை மட்டும் இன்றுவரை மீறத் துணிந்ததில்லை.

முதலில், நீண்ட வரிகளை மடிக்கும் ஃபோல்ட் கட்டளையிடம் கோப்பைக் கொடுத்தேன். எந்தத் தெரிவும் கொடுக்காவிட்டால் அது 80இல் மடிக்கும் என்பது உண்மைதான்; எங்கள் சர்வரில் இருந்த பதிப்போ எழுத்துகளை எண்ணாமல், அவற்றைச் சேமிக்கும் அலகான பைட்டுகளை எண்ணியது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு (ககரம், புள்ளி, கொம்பு போன்றவை) ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பிடிப்பதால், இடைவெளி இல்லாத தமிழ் வரி ஒன்றில் 26 குறியீடுகள் முழுதாகப் போக, 27ஆவது குறியீட்டின் மூன்றில் இரண்டு பங்கு இந்த வரியிலும் எஞ்சிய ஒரு பங்கு அடுத்த வரியிலும் விழும். அறிவிப்பின் வரிகள் பல, உடைந்த எழுத்துக்குப் பதிலாக முனையம் காட்டும், கேள்விக்குறி பொறித்த கறுப்பு வைரங்களோடு முடிந்து, அதே வைரங்களோடு தொடங்கின. அதைப் பார்த்த மேலாளர், ஊழியர்களிடம் இவ்வளவு கேள்விகள் கேட்க வேண்டாம் என்று சொன்னார்.

எஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் ஃபோல்ட் வரியில் இடைவெளி உள்ள இடத்தில் வெட்டும் என்பதால் வைரங்கள் மறைந்தன. ஆனால் 80 பைட்டுக் கணக்கு மாறவில்லை. ஆங்கிலக் கட்டளைகள் திரை முழுவதும் நீள, தமிழ் மட்டும் நாளிதழின் வரி விளம்பரம் போல இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. அகலத்தை 240 என்று உயர்த்தினால் தமிழ் நிமிர்ந்தது, ஆங்கில வரிகள் ஓரம் தாண்டி ஓடின.

அடுத்ததாக வந்தது எஃப்எம்டி. பத்தியை வெட்டுவதோடு நில்லாமல், வரிகளைச் சேர்த்து மீண்டும் சீராக அடுக்கித் தரும் கட்டளை இது. ஆகவேதான் ஆபத்தானதும் கூட. ஒரே உள்தள்ளலுடன், இடையில் வெற்று வரி இல்லாமல் நிற்கும் வரிகள் எல்லாம் ஒரே பத்தி என்பது அதன் கொள்கை. எண் போட்டு வரிசையாக எழுதப்பட்டிருந்த பராமரிப்புப் படிகளை அது ஒன்றாகக் கோத்து, தன் 75 பைட்டு அகலத்துக்கு மடித்துக் கொடுத்தது. ‘3. பழைய பதிவுக் கோப்புகளை’ என்பது ஒரு வரியாகவும், ‘நீக்கவும். 4. சேவையைத்’ என்பது அடுத்த வரியாகவும், ‘தொடங்கவும்’ அதற்கும் கீழே தனியாகவும் வந்து விழுந்தன. சோதனைக்காக அன்றிரவு அதைப் பார்த்த பணியாளர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். “சார், சேவையை நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டுமா, தொடங்கிவிட்டு நீக்க வேண்டுமா?” என்று மிகுந்த பணிவோடு கேட்டார். அறிவிப்பை ஒருவர் முழுமையாகப் படித்திருக்கிறார் என்பதில் மேலாளருக்கு மகிழ்ச்சி.

இறுதியில் விம் என்ற உரைத் திருத்தியே கைகொடுத்தது. அதன் ஜிக்யூ கட்டளை பைட்டைப் பொருட்படுத்தாமல் திரையில் எத்தனை கட்டம் ஆகிறது என்று பார்த்து மடிக்கும். அகலத்தை 72 என வைத்து, படிகளுக்கிடையே வெற்று வரிகளும் விட்டபோது பத்திகள் பார்க்கும்படி அமைந்தன. வேலை முடிந்தது என்று எழுந்த நேரத்தில், அறிவிப்பைச் சுற்றி நட்சத்திரக் குறிகளால் ஒரு பெட்டி வரையச் சொன்னார் மேலாளர்.

வரியின் நீளத்தை எண்ணி, குறையும் இடத்தை இடைவெளிகளால் நிரப்பி, வலது ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வைக்கும் சிறிய பைத்தான் நிரல் போதும் என்றே யாருக்கும் தோன்றும். பைத்தானோ ‘க்’ என்பதைக் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. முனையத்தில் புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது. எனவே ஒரு வரியில் எத்தனை மெய்யெழுத்துகள் உண்டோ, அத்தனை கட்டங்கள் நட்சத்திரம் உள்ளே நகர்ந்தது. ‘வேண்டும்’ என்று முடியும் வரிகளில் அது சற்றுக் கூடுதலாகவே நெருங்கி வந்தது. இது போதாதென்று, எங்கள் முனையம் ‘கி’க்கு இரண்டு கட்டமும் ‘கீ’க்கு ஒரு கட்டமும் ஒதுக்கியது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்து வளர்ந்தவனுக்கு இதைச் சீரணிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

ஒவ்வொரு குறியீட்டின் கட்ட அகலத்தையும் கேட்டறியும் மென்பொருள் நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் கணக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள முனையத்தின் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே வலப்பக்கக் கோட்டை முழுவதுமாக நீக்கிவிட்டு, மேலும் கீழும் இடமும் மட்டும் நட்சத்திரங்களை விட்டுவைத்தேன். மேலாளர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, மூடிய பெட்டியை விட இது நவீனமாக இருக்கிறது என்றார், நான் மறுக்கவில்லை. சில வாரங்கள் கழித்துப் பக்கத்துக் குழுவின் சர்வரில் நுழைந்தபோது, முழுக்க ஆங்கிலத்தில் இருந்த அவர்களுடைய அறிவிப்பும் வலப்பக்கக் கோடு இல்லாமலே வரையப்பட்டிருந்தது.