சிம்பையில் மூன்றாவது பதில்

பைத்தானில் எண்களோடு மட்டுமல்லாமல் குறியீடுகளோடும் கணக்குப் போடும் நூலகமான சிம்பைக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. √(க²) என்று கொடுத்துச் சுருக்கச் சொல்கிறார்கள். க வரும் என்று பார்த்தால், போட்டது போலவே √(க²) திரும்பி வருகிறது. பள்ளிக்கூடக் கணக்கில் யோசிக்காமல் அடித்துவிடுகிற வர்க்கத்தையும் மூலத்தையும் இத்தனை பெரிய மென்பொருள் ஏன் அடிக்கவில்லை?

(மாறிகளுக்குத் தமிழ் எழுத்தையே போட்டிருக்கிறேன். பைத்தான் 3 இதை அப்படியே ஏற்கும்.)

க என்பது −1 என்று வையுங்கள். வர்க்கம் 1, அதன் மூலமும் 1. கிடைத்தது க அல்ல. குறியீட்டை வெறுமனே அறிவித்தால் சிம்பை அதை ஏதோ ஒரு கலப்பெண் என்றே எடுத்துக்கொள்ளும். 'ரியல்=ட்ரூ' என்று சேர்த்து அறிவித்தால் அதே கோவை |க| ஆகும். 'பாசிட்டிவ்=ட்ரூ' என்றால்தான் க. மடக்கையிலும் இதே கதை. லாக்(க·ப) தானாகப் பிரியாது. இரண்டுக்கும் −1 போட்டால் இடப்பக்கம் லாக் 1, அதாவது 0. பிரித்து எழுதிய வலப்பக்கமோ சுழியல்லாத ஒரு கற்பனை எண். மடக்கையைப் பிரிக்கும் எக்ஸ்பாண்ட்_லாக்-குக்கு 'ஃபோர்ஸ்=ட்ரூ' கொடுத்தால் பிரித்துக் கொடுத்துவிடும், ஆனால் அந்தச் சமன்பாடு உண்மையா என்ற பொறுப்பு அதற்குப் பிறகு உங்களுடையது.

ஒண்ட்ரே செர்டிக் 2005-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அடித்தளத்திலேயே இந்த எச்சரிக்கை ஊறியிருக்கிறது. எந்தக் கோவையிடமும் 'இஸ்_பாசிட்டிவ்', 'இஸ்_இன்டிஜர்', 'இஸ்_ஜீரோ' என்று கேட்கலாம். பதில் மூன்றில் ஒன்று: ட்ரூ, ஃபால்ஸ், நன். நன் என்றால் தெரியாது. க, ப இரண்டும் மிகை எண்கள் என்று அறிவித்துவிட்டு க + ப மிகையா என்றால் ட்ரூ. க − ப மிகையா என்றால் நன், ஏனென்றால் அது மதிப்பைப் பொறுத்தது. சைன்²க + காஸ்²க − 1 சுழியா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் நன்தான்! அது சுழி என்று நமக்குத் தெரியும். கோவையைச் சுருக்கும் சிம்ப்ளிஃபை ஓட்டினால் சிம்பைக்கும் தெரிந்துவிடும். ஆனால் 'இஸ்_' கேள்விகள் அவ்வளவு தூரம் தேடிப் போகாது, போகவும் கூடாது. ஒரு சாதாரணக் கூட்டலுக்குள்ளேயே இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப எழும். ஒவ்வொன்றுக்கும் சுருக்கல் ஓடினால் எதுவும் முடியாது.

பயனர் பக்கத்தில் இதனால் வரும் மோசமான பொறி பெயர் சம்பந்தப்பட்டது. நோட்புக்கின் மேலே க-வை வெறுமனே அறிவிக்கிறீர்கள், க² என்ற கோவையை உருவாக்குகிறீர்கள். கீழே எங்கோ 'பாசிட்டிவ்=ட்ரூ' சேர்த்து அதே பெயரில் மறுபடி அறிவிக்கிறீர்கள். இப்போது இரண்டு க இருக்கின்றன. சிம்பைக்குப் பெயரும் அனுமானங்களும் ('பாசிட்டிவ்=ட்ரூ' போன்றவை) சேர்ந்ததுதான் குறியீட்டின் அடையாளம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 0 வராது. திரையில் இரண்டு க-வும் கழித்தல் குறியோடு அப்படியே நிற்கும். அதுவாவது கண்ணில் படும். பழைய கோவையைப் புதிய க-வைப் பொறுத்து வகையிட்டால் 0 வரும், பிழைச் செய்தியே இருக்காது. சப்ஸ் போட்டு மதிப்பைப் பதிலிட்டாலும் ஒன்றும் மாறாது. இப்படி ஏதாவது நடந்தால் கோவையை எஸ்ரெப்ர்-க்குள் போட்டுப் பாருங்கள். அது ஒவ்வொரு குறியீட்டையும் அனுமானங்களோடு சேர்த்து அச்சிடும், வித்தியாசம் தெரிந்துவிடும். குறியீடுகளை ஒரே செல்லில், ஒரே தடவை, முழு அனுமானங்களோடு அறிவிப்பதுதான் மருந்து.

எழுத்துச் சரத்திலிருந்து கோவை செய்யும்போதும் இதே சிக்கல் வரும். அதைச் செய்யும் சிம்பிஃபை தானாக உருவாக்கும் க-வுக்கு எந்த அனுமானமும் இருக்காது. 'லோக்கல்ஸ்' என்ற அகராதியில் உங்கள் க-வைக் கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: சிம்பிஃபை உள்ளுக்குள், சரத்தை நிரலாகவே இயக்கும் பைத்தானின் எவால்-ஐ ஓட்டுகிறது. வலைத்தளத்தில் யாரோ தட்டச்சு செய்யும் சூத்திரத்தை நேராக அதற்குள் விடக்கூடாது.

தொகையிடலில் இந்த மூன்றாவது பதில் கிளைகளாக வெளியே தெரியும். க-வின் ம-ஆம் அடுக்கைத் தொகையிடச் சொன்னால் ம = −1 ஆக இருந்தால் மடக்கை, இல்லாவிட்டால் வழக்கமான சூத்திரம் என்று பீஸ்வைஸ் (கிளைகளாகப் பிரிந்த கோவை) ஒன்றைத் தரும். இதே வகை மென்பொருளான மேக்ஸிமா இதே இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு, ம என்பது −1-க்குச் சமமா என்று உங்களிடமே கேட்கும். உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்கு மேக்ஸிமாவின் வழி இதம். நிரலுக்குள் ஆயிரம் தொகைகளை ஓட்டுகிறவருக்கு நடுவில் கேள்வி கேட்கும் மென்பொருள் உதவாது. நூலகமாகப் பயன்படுத்த சிம்பையின் முடிவுதான் சரி. ப-வைப் பொறுத்து 0 முதல் முடிவிலி வரை e^(−க·ப) போன்ற அடுக்குக்குறித் தொகை ஒன்றைக் கேட்டு, பதிலில் 'ஆர்க்' (கலப்பெண்ணின் கோணம்) எல்லாம் போட்ட நிபந்தனை வந்து பயமுறுத்தினால், தேவை பெரும்பாலும் ஒன்றுதான்: மாறிலியான க மிகை என்று அறிவியுங்கள். கிளைகள் போய் 1/க மட்டும் மிஞ்சும். 'காண்ட்ஸ்=நன்' என்று சரமாகக் கொடுத்தும் நிபந்தனையை மறைக்கலாம்; மறைப்பதைவிட அறிவிப்பது மேல்.

ஏற்கெனவே கட்டிமுடித்த கோவைக்கு அனுமானம் சேர்க்க இரண்டு வழி. பாசிஃபை, மிகையா இல்லையா என்று தெரியாத குறியீடுகளை எல்லாம் மிகையான தற்காலிகக் குறியீடுகளாக மாற்றிவிட்டு, திரும்ப மாற்ற அகராதி ஒன்றையும் கொடுக்கும். ரிஃபைன் என்பது கியூ.பாசிட்டிவ் போன்ற தனி நிபந்தனைகளை வாங்கிக்கொள்ளும். ஆனால் கியூ-வில் தொடங்குவது சிம்பையின் இரண்டாவது அனுமான அமைப்பு. அதில் சொன்னது சிம்ப்ளிஃபைக்கும் இன்டகிரேட்டுக்கும் போய்ச் சேரும் என்று நம்பவேண்டாம்.

அணிகளில்தான் நன் உண்மையாகவே ஆபத்தாகிறது. நிரைநீக்கம் செய்யும்போது ஒவ்வொரு படியிலும் ஓர் உறுப்பு சுழியா இல்லையா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். சுழியான ஒன்றைச் சுழியல்ல என்று எடுத்துக்கொண்டு அதால் வகுத்துவிட்டால், தரம், நேர்மாறு, நல்ஸ்பேஸ் (அணி சுழியாக்கிவிடும் திசையன்களின் வெளி) எல்லாமே தவறு, அதுவும் சத்தமில்லாமல். சிம்பை நன் வந்த இடத்தில் சுருக்கிப் பார்க்கிறது. அதையும் ஏமாற்றும் கோவைகள் உண்டு. இதற்கு முழுத் தீர்வே கிடையாது. சைன், அடுக்குக்குறி போன்ற சார்புகள் கலந்த கோவை எப்போதும் சுழியா என்று கண்டறியப் பொதுவான வழிமுறை இருக்கமுடியாது என்று கணிதவியலாளர் ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவிவிட்டார். நல்ஸ்பேஸ் காலியாக வருகிறது, ஆனால் வரக்கூடாது என்று தெரிந்தால் 'இஸ்ஜீரோஃபங்க்' என்ற இடத்தில் உங்கள் சொந்தச் சோதனையைக் கொடுங்கள். உறுப்புகளை அடுக்குக்குறி வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கிப் பார்ப்பது நல்ல முதல் முயற்சி. எண்மதிப்பு போட்டு 'ரொம்பச் சின்னது, ஆகவே சுழி' என்று முடிவெடுக்கும் சோதனையும் எழுதலாம். உண்மையிலேயே சிறிய எண்கள் இருக்கும் கணக்கில் அதுவே தவறைக் கொண்டுவரும்.

இனி உள்ளே இருந்து பார்ப்போம். சிம்பைக்குப் புதுச் சார்பு எழுதுகிறவர் நன்-ஐ மறந்தால் என்ன ஆகும்? ராம்ப் என்று ஒன்று: மிகை எண் கொடுத்தால் அதையே திருப்பும், மற்றபடி 0. சார்பு எதைத் திருப்பவேண்டும் என்று முடிவெடுக்கும் 'ஈவால்' என்ற கிளாஸ் மெத்தடில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, 'இஸ்_பாசிட்டிவ் என்றால் அதையே திருப்பு, இல்லையென்றால் 0' என்ற இரண்டு வரி. 5 போட்டால் 5, −3 போட்டால் 0, டெஸ்ட் பச்சை. அனுமானம் இல்லாத க-வைப் போடுங்கள். இஸ்_பாசிட்டிவ் நன்; பைத்தானின் இஃப்-க்கு நன் பொய்; எல்ஸ் கிளை 0-ஐத் திருப்பிவிடும். க அந்த இடத்திலேயே காணாமல் போனது. பிறகு 5 பதிலிட்டாலும் 0 தான்.

அப்படியானால் 'இஸ்_பாசிட்டிவ் இஸ் ஃபால்ஸ்' என்று திருத்தலாமா? அதுவும் போதாது. கற்பனை அலகு மிகை அல்ல, எனவே ஃபால்ஸ், எனவே 0 வரும். ஆனால் கற்பனை எண்ணுக்கு ராம்ப் வரையறுக்கப்படவே இல்லை. கேட்கவேண்டியது 'இஸ்_நான்பாசிட்டிவ்'. மெய்யெண்ணாகவும் 0 அல்லது குறையாகவும் இருந்தால் மட்டுமே அது ட்ரூ. மூன்றாவது நிலைக்கு எதையும் திருப்பாமல் விடுங்கள். ஈவால் நன் திருப்பினால் சார்பு கணக்கிடப்படாமல் ராம்ப்(க) என்றே நிற்கும். சிம்பையின் மூலநிரலில் 'இஃப் நாட்' என்பதற்குப் பின்னால் 'இஸ்_' எதையாவது பார்த்தால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். முதல் பங்களிப்பு அங்கேயே கிடைக்கலாம்.

'இஸ்_' கேள்விகளுக்குப் பதில் சொல்லும், '_ஈவால்_இஸ்_' என்று தொடங்கும் மெத்தடுகளில் பைத்தானின் ஆண்ட், ஆர், நாட் வேண்டாம். கோர் பகுதியின் லாஜிக் கோப்பில் ஃபஸி_ஆண்ட், ஃபஸி_ஆர், ஃபஸி_நாட் இருக்கின்றன. நன்-உம் ஃபால்ஸ்-உம் சேர்ந்தால் ஃபஸி_ஆண்ட் ஃபால்ஸ் தரும்; நன்-உம் ட்ரூ-வும் சேர்ந்தால் நன். இந்த மெத்தடுகளுக்குள் சிம்ப்ளிஃபை, சால்வ் எதையும் அழைக்காதீர்கள்: வேகம் போகும், கேள்விக்குள் கேள்வி எழுந்து ரிகர்ஷன் எல்லையில் போய் விழும். 1.5 பதிப்பிலிருந்து 'ரியல்' என்றால் முடிவுள்ளது என்றும் பொருள். முடிவிலி இஸ்_ரியல் அல்ல, இஸ்_எக்ஸ்டெண்டட்_ரியல். இந்த மாற்றத்துக்கு முந்தைய பழைய பதில்களை இணையத்தில் படிப்பவர்கள் இங்கே குழம்புவார்கள்.

திருத்தத்தை அனுப்பும் வழி எளிது. கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து, குளோன் எடுத்து, 'பிப் இன்ஸ்டால் -ஈ .' ஓட்டினால் நீங்கள் மாற்றும் கோப்புகளே இறக்குமதியாகும். புது பிராஞ்சில் முதலில் தோற்கும் டெஸ்டை எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் 'டெஸ்ட்ஸ்' அடைவு இருக்கிறது. அனுமானம் இல்லாத குறியீடு, மெய், மிகை, குறை, கற்பனை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அசெர்ட் போட்டால் மேலே சொன்ன பிழைகள் தப்பாது. 'பின்/டெஸ்ட்' கட்டளைக்கு அடைவைக் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் ஓடும். டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள எடுத்துக்காட்டுகளை 'பின்/டாக்டெஸ்ட்' ஓட்டிப் பார்க்கும். ஒரு சார்பின் வெளியீடு மாறினால் சம்பந்தமில்லாத கோப்பில் இருக்கும் டாக்டெஸ்ட் உடையும், அதையும் பாருங்கள்.

டெஸ்ட் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். ஹாஷ் மதிப்புகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், அதனால் செட்டுக்குள் உறுப்புகளின் வரிசையும் மாறும். ஓட்டத்தின் தொடக்கத்தில் அச்சாகும் பைத்தான்ஹாஷ்சீட் எண்ணை எடுத்து அதே மதிப்போடு ஓட்டினால் தோல்வி திரும்ப வரும். தனியாக ஓட்டினால் தேறி, மற்ற டெஸ்டுகளோடு சேர்ந்தால் தோற்பது கேஷ் (சேமித்துவைத்த முந்தைய முடிவுகள்) விவகாரமாக இருக்கலாம்; 'சிம்பை_யூஸ்_கேஷ்=நோ' என்ற சூழல் மாறியோடு ஓட்டிப் பாருங்கள், மெதுவாகத்தான் ஓடும்.

திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் வார்ப்புருவில் வெளியீட்டுக் குறிப்புக்கான இடத்தை அழித்துவிடாதீர்கள், ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) அதைப் படித்துச் சரிபார்க்கிறது. முதல்முறை அனுப்புகிறவர்களின் பெயரும் மின்னஞ்சலும் '.மெயில்மேப்' கோப்பில் இல்லாவிட்டால் சோதனை சிவப்பாகும். நிரலில் ஏதோ தவறு என்று தேட வேண்டாம். உங்கள் பெயரை ஒரு வரியாகச் சேர்த்து, 'பின்/மெயில்மேப்_செக்' நிரலை ஓட்டி, கமிட் செய்தால் போதும்.