பூவரசில் சிக்கிய ரம்பம்

பக்கத்து வீட்டு மாமாவின் பூவரச மரம் சென்ற வாரக் காற்றில் ஒரு பெருங்கிளையை முறித்து நம் கொல்லைக்குள் போட்டுவிட்டது. ஒரு முனை மதில்சுவரின் மேலும் மறு முனை துவைக்கும் கல்லின் மேலுமாக, நடுவில் தாங்கல் ஏதுமின்றி அது கிடந்த கிடையைப் பார்த்த அம்மா, மரம் அறுக்கும் மெஷினோடு சித்தப்பா வரும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம் என்றார். மாமாவுக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? தம் கைரம்பத்தை எடுத்துவந்து கிளையின் நடுவில் மேலிருந்து அறுக்கத் தொடங்கினார். பாதி ஆழம் போவதற்குள் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்தார், ஆட்டினார், மகனையும் அழைத்து இருவருமாகத் தொங்கினார்கள். கடைசியில், பூவரசு இயல்பிலேயே பிடிவாதக்கார மரம் என்று தீர்ப்பளித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

சித்தப்பா வந்தார், வழக்கம்போல் மடித்துக் கட்டிய வேட்டியோடும் ஹவாய் செருப்போடும். மெஷினின் விஷயத்தில் அவரைப் போன்ற ஆசாரசீலரைக் காண முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்று, இருமல் மருந்து மூடியால் இரண்டு முறை அளந்து கலப்பார். செயினுக்கு எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, ஓடும் பிளேடின் நுனியைச் சிமெண்ட் சாக்குக்கு அருகே காட்டுவார். சாக்கின் மேல் மெல்லிய எண்ணெய்க் கோடு தெறித்தால்தான் அவருக்குத் திருப்தி. இத்தனை ஆசாரமும் மெஷினுக்கு மட்டுமே. வேட்டிக்கு அதில் விதிவிலக்கு உண்டு என்பது அவருடைய கட்சி. முழு வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடும் செயினோ, வேட்டி எது தொடை எது என்று விசாரித்துக்கொண்டிருக்காது.

இதைச் சித்தப்பாவிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் நம் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. சித்தி பெட்ரோல் கேனைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மகனின் ஜீன்ஸையும் ஷூவையும் ஹெல்மெட்டையும் திண்ணையில் வரிசையாக எடுத்து வைத்தார். பேச்சுவார்த்தை பத்து மணிவரை நடந்தது. தெருவில் பாதிப் பேர் பார்க்க வந்துவிட்ட பிறகு, இடுப்பில் அரைஞாண் கயிற்றால் இறுக்கிய ஜீன்ஸோடும் காதில் பஞ்சோடும் சித்தப்பா வெளிப்பட்டார்.

அதன் பிறகு அவர் வேறு மனிதர். கிளையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இரண்டு முனையிலும் தாங்கலிருந்து நடுவில் தொய்யும் மரத்தில் மேற்பக்கம் நெருக்குண்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டுவாய் மூடி எந்த ரம்பத்தையும் பிடித்துக்கொள்ளும் என்றார். பூவரசின் மேல் சுமத்தப்பட்ட பிடிவாதக் குற்றம் அத்துடன் தள்ளுபடியானது. கார் ஜாக்கியை நடுவில் கொடுத்து இரண்டு திருகு திருகியதும், மாமாவின் ரம்பம் பல் ஒன்றும் போகாமல் கையோடு வந்தது. ஜாக்கியை எடுத்துவிட்டு, மெஷினைத் தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலக்காலை நுழைத்து மிதித்து, பிரேக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தார். பிளேடின் மேல்விளிம்பால் அடியிலிருந்து அறுக்கும்போது செயின் மெஷினை ஆள்மேல் தள்ளும் என்பதால் காலை அகட்டி நின்றுகொண்டார். பிளேடு நுனியின் மேற்பாதி எதிலும் பட்டுவிடக் கூடாது, பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் என்று அவர் கத்தியது, மதிலின் மேல் ஏறி நின்று ‘மேலே அறு, மேலே அறு’ என்று யோசனை சொன்ன மாமாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மாமாவை மதிலிலிருந்து இறக்கும்வரை சித்தப்பா மெஷினை அணைத்துவிட்டு நின்றார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி நம் தோப்பைச் சாய்த்துப்போட்ட மாதம், அறுக்க ஆள் கிடைக்காமல் வாங்கிய மெஷின் அது. வேரோடு சாய்ந்த மா ஒன்றின் அடியை அறுத்ததும், மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்ப்பகுதி திரும்பக் குழிக்குள் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். சற்று முன்னால்தான் அந்தக் குழியில் அப்பாயி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து, பார்வையாளர்கள் விலகாமல் அவர் கயிற்றை இழுப்பதில்லை. அவரையே விலக்கிவைக்கத்தான் சித்தி தேவைப்படுகிறார்.

அறுக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்பாயி அடுப்புக்கு ஏற்ற நீளமாகத் துண்டுகளை அடுக்கிய பிறகுதான், மரம் தம்முடையது என்பது மாமாவுக்கு நினைவு வந்தது. வைரம் பாய்ந்த துண்டுகளையெல்லாம் மகனை விட்டு மதில் தாண்டி வாங்கிக்கொண்டார். தழையும் சுள்ளியும் நமக்கு. மழுங்கிய செயினைச் சித்தப்பா அரத்தால் தீட்டிக்கொண்டிருக்கையில் தம் கைரம்பத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, “அப்படியே இதையும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க மாப்ளே, உங்க வீட்டுக் கிளையை அறுத்ததுலதான் மொண்ணையாப் போச்சு” என்றார்.