ஒரு பக்கம், பதினோரு வாரம்

பதினோரு வாரங்களில் முடிந்திருப்பது ஒரே ஒரு காமிக்ஸ் பக்கம். பன்னிரண்டு கட்டங்கள். அதிலும் ஏழாவது கட்டத்தில் இருக்கும் டிராம் தப்பு. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: காமிக்ஸ் நாயகன் டின்டினை வரைந்த பெல்ஜியக்காரர் எர்ஜேயின் முறையில், பென்சிலில் தொடங்கி வண்ணம் வரை ஒரு பக்கத்தை நானே செய்து பார்ப்பது. அந்தப் பாணியைப் பிரெஞ்சில் ‘லீன்யு க்ளேர்’ என்கிறார்கள்; நான் ‘தெளிகோடு’ என்று சொல்லிக்கொள்கிறேன். டின்டின் முதன்முதலில் அச்சானது 1929 ஜனவரியில். பாணிக்குப் பெயர் கிடைத்ததோ 1977இல். வைத்தவர் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே. பிள்ளைக்கு நாற்பத்தெட்டு வயதில் பெயர்சூட்டு விழா.

நான் வளர்ந்தது வேறு கோட்டில். சிவகாசியில் அச்சான கறுப்பு வெள்ளை ‘கேப்டன் டைகர்’ காமிக்ஸ்தான் என் பள்ளிக்கூடம். பிரெஞ்சில் அவன் பெயர் ப்ளூபெர்ரி, வரைந்தவர் ழான் ழிரோ என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ழிரோவின் தூரிகையில் பாறைக்கு நிழல், முகத்துக்குச் சுருக்கம், துணிக்கு மடிப்பு என்று மை கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்து வரைந்து பழகிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது: எங்கே உருவம் சரியாக வரவில்லையோ அங்கே நாலு கோடு குறுக்கே இழுத்து நிழல் போட்டுவிடுவேன். ழிரோ அதற்காகப் போடவில்லை, நான் அதற்காகத்தான் போட்டேன்.

தெளிகோட்டில் அந்த வசதி கிடையாது. ஏறக்குறைய ஒரே தடிமனில் கோடு, நிழல் இல்லை, குறுக்குக்கோடு இல்லை, கோட்டுக்குள் சமமான வண்ணம். முதல் இரண்டு வாரம், டின்டின் சீனாவுக்குப் போகும் கதையான ‘நீலத் தாமரை’யின் ஷாங்காய்த் தெருக் காட்சி ஒன்றின் மேல் பட்டர் பேப்பரை வைத்து அப்படியே பிரதி எடுத்தேன். டின்டினின் முகம் அரை நிமிட வேலை: இரண்டு புள்ளி, ஒரு மூக்கு. அவனுக்குப் பின்னால் தொங்கும் கடைப் பலகைகளுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் போயின. எனக்குச் சீன எழுத்து தெரியாது. கோலம் போடுவதைப் போல ஒவ்வொரு கோடாகப் பிரதி எடுத்தேன். பிறகுதான் அவை வெறும் அலங்காரம் அல்ல என்று படித்தேன். உண்மையான சீன எழுத்துகள். கதையில் சில சுவர்களில் ‘ஏகாதிபத்தியம் ஒழிக’, ‘ஜப்பானியப் பொருட்களைப் புறக்கணியுங்கள்’ என்றே எழுதியிருக்கிறது. இந்தக் கதை வந்த பத்திரிகையை வாங்கிப் படித்த பெல்ஜியச் சிறுவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்!

அதற்குக் காரணமானவர் ஜாங் சோங்ரென். பிரஸ்ஸல்ஸ் நுண்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சீன மாணவர். எர்ஜேயும் அவரும் 1907இல் பிறந்தவர்கள். டின்டினைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்ததும், சீன மாணவர்களைக் கவனித்துவந்த பாதிரியார் கோசே, கேட்ட கதைகளை வைத்து வரைந்துவிடாதீர்கள் என்று எர்ஜேக்கு எழுதினார். அப்படித்தான் 1934 மே மாதம் இருவரும் சந்தித்தார்கள். நியாயமான பயம்தான். அதற்கு முன்பு காங்கோ மக்களைக் கேலியாக எர்ஜே வரைந்ததை இன்று கூச்சமில்லாமல் புரட்ட முடியாது.

கதைக்குப் பின்னணி ஓர் உண்மைச் சம்பவம். 1931 செப்டம்பர் 18 அன்று வடகிழக்குச் சீனாவின் முக்தெனில் ஜப்பானியப் படையினரே தங்கள் ரயில் பாதையில் வெடி வைத்து, பழியைச் சீனர்கள் மேல் போட்டு, மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். வெடித்ததில் சேதம் மிகக் குறைவு. செய்தித்தாளின் சிறுவர் இணைப்பில் வாரம் இரண்டு பக்கமாக வந்த இந்தக் கதையில், அந்தச் சின்ன வெடிப்பு வானொலியில் வாய்க்கு வாய் பெருத்துக்கொண்டே போகும். வரலாற்றுப் புத்தகத்தில் நான் மூன்று முறை படித்தும் மனத்தில் தங்காத சங்கதி, அந்தச் சில கட்டங்களில் தங்கிவிட்டது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சீனர்களுக்கு மனித முகம் கொடுத்த அதே கை, ஜப்பானியர்களுக்குத் துருத்திய பல்லைக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஜாங் இருந்தார். ஜப்பானியர் யாரும் இல்லை.

என் பக்கத்துக்கு அந்த 1934 சந்திப்பையே எடுத்துக்கொண்டேன். டிராமில் வந்து இறங்கும் மாணவர், கதவு, கைகுலுக்கல், மேசை மேல் காகிதம், முதல் தூரிகைப் பாடம்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை பென்சில். எர்ஜே பிற்காலத்தில் பென்சிலுக்கு ஒரு தாள், மைக்கு வேறு தாள் என்று வைத்துக்கொண்டார். பென்சில் தாளில் ஒரு கைக்கு இருபது கோடு இருக்கும். கிறுக்கல் மேல் கிறுக்கல், சில இடங்களில் தாளே தேய்ந்திருக்கும். அந்த இருபதில் உயிருள்ள ஒன்றைத் தேர்ந்து அடுத்த தாளில் ஏற்றுவார். சுத்தமான கோடு சுத்தமான கையிலிருந்து வருகிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். நானும் கண்ணாடிப் பலகைக்கு அடியில் எல்.இ.டி. விளக்கை வைத்துக்கொண்டு அதே மாதிரி செய்தேன். முதலில் சார்ட் பேப்பரில் இந்தியன் இங்க் பரவி, ஜாங்கின் தலைமுடி பூனைவால் ஆனது. ஐவரி போர்டுக்கு மாறியதும் பரவல் நின்றது. தொட்டெழுதும் நிப்பு இன்னும் எனக்கு அடங்கவில்லை, ஓரங்களை 0.3 பேனாவால்தான் முடித்தேன்.

வசனக் குமிழ்களில் ஒரு பாடம் கிடைத்தது. படத்தை முடித்துவிட்டுக் குமிழ் போட்டேன். ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்ற வரி எந்தக் குமிழிலும் உட்காரவில்லை. ‘மகிழ்ச்சி’யை எங்கே ஒடித்தாலும் அசிங்கம். பிரெஞ்சுக்கு அளவெடுத்த குமிழ்களில் இத்தனை வருடமாகத் தமிழைப் பொருத்திவரும் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குத் திடீரென்று பெரிய மரியாதை வந்துவிட்டது. மூன்று கட்டங்களை மறுபடி வரைந்தேன். இப்போது வசனத்தை முதலில் எழுதுகிறேன்.

ஏழாவது வாரம் வண்ணம். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. கணினி வருவதற்கு முன் பிரெஞ்சு, பெல்ஜிய காமிக்ஸில் பெரும்பாலும் மூலப்படத்தின் மேலேயே வண்ணம் தீட்ட மாட்டார்கள். கறுப்புக் கோடுகள் தனியே ஒரு ஃபிலிமில் ஏறும். அதே கோடுகள் வெளிர்நீலத்தில் ஒரு தாளில் அச்சாகும். வண்ணக்காரர் அந்த நீலத்தின் மேல் தீட்டுவார். பிறகு ஃபிலிமை அதன் மேல் வைத்தால் படம் முழுமை பெறும். எழுத்தும் கறுப்போடுதான் போகும். அதனால் வேறு மொழிப் பதிப்புக்குக் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், வண்ணத்தில் கைவைக்க வேண்டாம்.

எனக்கு ஃபிலிம் ஏது? ஜெராக்ஸ் கடையில் ஓ.எச்.பி. ஷீட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கறுப்பை எடுத்தேன், தடித்த தாளில் நீலத்தை எடுத்தேன். தண்ணீர் வண்ணத்தை ஆசையாகத் தீட்டி, காயவைத்து, ஷீட்டை மேலே வைத்தேன். மேல்வரிசை பொருந்தியது. கீழே போகப் போக விலகி, கடைசிக் கட்டத்தில் ஜாங்கின் சட்டை நிறம் அவரைவிட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

சிவகாசியில் முப்பது வருடம் ஆஃப்செட் ஓட்டிய மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. “ரெஜிஸ்டர் போய்விட்டதே, மாப்பிள்ளை” என்றார். கோடும் நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருவதற்கு அச்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. தாளை விரலால் தடவிப் பார்த்தார். “தண்ணீர் குடித்திருக்கிறது. தண்ணீர் குடித்த தாள் வளராமல் என்ன செய்யும்? நீலமும் கறுப்பும் ஒரே மெஷினில் எடுத்ததா?” இல்லை. இரண்டு நாள், இரண்டு கடை. “ஒவ்வொரு மெஷினும் ஒரு பொட்டு கூடவோ குறையவோதான் எடுக்கும். தாளைக் குறை சொல்வதா, உன்னைக் குறை சொல்வதா?”

இரண்டையும் பொருத்திப் பார்க்க நாலு மூலையிலும் கூட்டல் குறி போடச் சொன்னார். ஒரே கடையில், ஒரே நாளில் எடுத்தேன். தண்ணீர் வண்ணத்தை விட்டு, கெட்டியாகக் கலந்த போஸ்டர் கலருக்கு மாறினேன். பதினோராவது வாரம் விலகல் அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. கறுப்பு ஷீட் மேலே இறங்கி, மங்கலாகக் கிடந்த வண்ணத் திட்டுகள் எல்லாம் சட்டென்று மனிதர்களும் மேசையும் ஆனபோது மாமாவே “ம்” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

டிராமுக்கு வருகிறேன். பக்கத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் உறைத்தது: அது கொல்கத்தாவில் நான் ஏறிய டிராம். பிரஸ்ஸல்ஸ் என்று எழுதிவிட்டு, கையில் இருந்த ஒரு டிராமை வைத்துவிட்டேன். பின்னால் தெரியும் வீடுகளும் அப்படித்தான். புகைபோக்கி வைத்த ஏதோ ஒரு ‘ஐரோப்பிய’ வீடு. சீனர் என்றால் நீளச் சடை என்று வரைந்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பழைய மாதிரி என்றால் டிராமின் மேல் நிழல் அடித்து மூடியிருப்பேன். இங்கே ஜன்னல், படி, கைப்பிடி எல்லாம் அப்பட்டமாகத் தெரிகிறது.

இந்த வாரம் பிரஸ்ஸல்ஸ் டிராம்களின் 1930களின் புகைப்படங்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் எடுத்தவை நிறைய கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது, ஆள் இறங்கும் பக்கம்.