கெர்ரேரோ பேட்டையிலிருந்து

செப்டம்பர் 11

மெக்சிகோ நகரத்தில் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் கொடி விற்கிறார்கள். சுதந்திர தினத்துக்கு இன்னும் ஐந்து நாள். வேலை முடிந்து வரும் வழியில் சான் பெர்னாந்தோ பூங்காவில், விசென்தே கெர்ரேரோ சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நான் குடியிருக்கும் பேட்டைக்கே அவர் பெயர்தான். வீட்டு முகவரியில் இரண்டு வருடமாக எழுதிவரும் பெயர். யாரென்று தேடிப் படித்தது இந்த மாதம்தான்.

1782இல் தெற்கே திக்ஸ்த்லாவில் பிறந்தவர். ஆப்பிரிக்கர், பூர்வகுடி இரண்டு வழியும் கலந்த குடும்பம். கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி மலைப்பாதைகளில் ஓட்டிப் பிழைத்தார். பிறகு, ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துப் போராடிய பாதிரியார் மொரேலோஸின் விடுதலைப் படையில் சேர்ந்தார். 1815இல் மொரேலோஸைச் சுட்டுக் கொன்ற பிறகும் தெற்கு மலைகளில் சண்டையை விடவில்லை. மன்னிப்புத் தருகிறோம், ஆயுதத்தைப் போடு என்று சொல்ல அவருடைய அப்பாவையே அனுப்பினார்கள். அப்பா கெஞ்சியும் “எனக்குத் தாய்நாடுதான் முதலில்” என்று மறுத்ததாகச் சொல்வார்கள்.

செப்டம்பர் 15

ஊரே சதுக்கத்துக்குக் கிளம்பிவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்து, 1829இல் இதே நாளில் கெர்ரேரோ பிறப்பித்த ஆணையை வாய்விட்டுப் படித்தேன். அப்போது அவர் ஜனாதிபதியாகி ஐந்தரை மாதம். நாட்டைத் திரும்பப் பிடிக்க வந்த ஸ்பானியப் படை தம்பிகோவில் சரணடைந்து நாலே நாள். படையெடுப்புக்காகக் கொடுத்த அவசர அதிகாரத்தை வைத்து இந்தக் காரியத்தை முடித்திருக்கிறார்.

ஆணை சில வரிதான். குடியரசில் அடிமைமுறை ஒழிக்கப்படுகிறது. ஆகவே, இதுவரை அடிமைகளாகக் கருதப்பட்டு வந்தவர்கள் சுதந்திரமானவர்கள். இந்த ‘கருதப்பட்டு’ என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். அடிமைகளாக ‘இருந்தவர்கள்’ என்று எழுதவில்லை. யாரோ அப்படி நினைத்தார்கள், அவ்வளவுதான். இவர்கள் ஒருபோதும் அடிமைகள் இல்லை என்றல்லவா அதற்கு அர்த்தம்!

அடுத்த வரி வலிக்கிறது. கஜானா இடம்கொடுக்கும்போது எஜமானர்களுக்கு நஷ்டஈடு. உழைத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது.

செப்டம்பர் 17

டெக்சாஸ் அன்று மெக்சிகோவில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்கள் அங்கே அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 2 அன்று கெர்ரேரோ டெக்சாஸுக்கு மட்டும் ஆணையிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த அடிமைகளில் பெரும்பாலோர் இருந்ததே அங்கேதான். படித்ததும் மனசு விட்டுப்போனது. அவர் பதவிக்கு வந்த விதத்தையும் மறைக்கக்கூடாது. 1828 தேர்தலில் ஜெயித்தவர் கோமெஸ் பெத்ராசா. கலகம் செய்துதான் கெர்ரேரோவை உட்கார வைத்தார்கள்.

விலக்குக் கொடுத்த மூன்றாம் நாளே துணை ஜனாதிபதி புஸ்தமாந்தே தலைமையில் கலகம் வெடித்தது. மாதம் முடிவதற்குள் பதவி போய்விட்டது. டெக்சாஸும் 1836இல் பிரிந்துபோய், அடிமைமுறையைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது.

அக்டோபர் 18

வஹாகாவிலிருந்து குயிலாபம் போனேன். கூரையில்லாத பழைய தேவாலயம். இரண்டு பக்கமும் தூண் வரிசை, மேலே வெறும் வானம். பக்கத்து மடத்தில்தான் கெர்ரேரோவை அடைத்து வைத்திருந்தார்கள். 1831 பிப்ரவரி 14 அன்று, 48 வயதில், இங்கே சுட்டுக் கொன்றார்கள்.

சண்டையில் பிடிபட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அகாபுல்கோவில் பிகலூகா என்ற ஜெனோவா கப்பல் தலைவன், நண்பனாகப் பழகியவன், சாப்பிட வாருங்கள் என்று கப்பலுக்குக் கூப்பிட்டான். சாப்பாடு முடிந்ததும் கட்டிப்போட்டான். புஸ்தமாந்தே அரசு அவனிடம் பேசிய விலை 50,000 பேசோ என்கிறார்கள்.

அவரைக் கொண்டுபோய் இறக்கிய வதூல்கோ கடற்கரைக்கு இன்றும் ‘லா எந்த்ரேகா’ என்றுதான் பெயர். ஒப்படைப்பு என்று அர்த்தம். ஊர் திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போன கோடையில் பிள்ளைகளோடு அங்கே குளித்த படங்களைக் காட்டினார். தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்தது.