கடலுக்கு முதுகைக் காட்டி நில்

திருகோணமலையில் சைக்கிள் ஓட்டத்தைப் படம் எடுக்கப் போகிற யாருக்கும் முதலில் கை போவது கடல் பக்கம்தான். டச்சுக்குடா ஓரம் காலை வெயில், நீலத் தண்ணீர், அதற்கு முன்னால் ஒருவர் சைக்கிள் ஓடிப் போகிறார். கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் பேனிங் செய்கிறவனுக்கு அந்தக் கடல் உதவாது. பேனிங் என்றால் ஓடுகிறவரோடு சேர்த்துக் கமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பது. அப்படித் திருப்பும்போது அவர் தெளிவாக விழுவார், பின்னால் உள்ளதெல்லாம் கோடுகளாக இழுபடும். இழுபட அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே. நீலத்தை இழுத்தால் நீலம்தான் வரும். தொடுவானமும் கமரா திரும்பும் திசையிலேயே படுத்துக் கிடப்பதால் அசையாத கோடாகவே தெரியும். படத்தைப் பார்க்கிறவர், சைக்கிளை நிறுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்ததாக நினைப்பார்.

அதனால் என் ஸ்டூடியோவில் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம்: கடலுக்கு முதுகைக் காட்டி நில். கரைப் பக்கம் நின்று வீதியையும், அதற்கு அங்கால் உள்ள மதில், கேட், மரம், கடைப் பலகை எல்லாவற்றையும் பார். நம்முடையது கிழக்குக் கரை. காலைச் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க, ஓடுகிறவர் மீது வெளிச்சம் நேராக விழும். நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்த மதில் என்றால் இன்னும் நல்லது, அந்த மாற்றம்தான் வேகமாகத் தெரிகிறது. இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையில் எந்தக் கமரா என்பது அதற்குப் பிறகுதான்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மணிக்கு 20 கிலோமீற்றரில் போகும் சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் கடக்கும். ஷட்டர் 1/1000, அதாவது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும் என்றால், அந்த நேரத்தில் அது நகர்வது ஐந்தரை மில்லிமீற்றர்தான். சில்லுக் கம்பியை எண்ணக்கூடிய மாதிரி எல்லாம் உறைந்துவிடும். 1/30 என்றால் 18 சென்ரிமீற்றர் நகரும், அதற்குள் சில்லு 30 பாகைக்கு மேல் சுற்றியிருக்கும். 36 கம்பிச் சில்லில் ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியின் இடத்தைத் தாண்டிவிடும். கம்பிகள் மறைந்து வெறும் பளபளப்பு மட்டும் மிஞ்சும். முகமும் தோளும் சைக்கிள் சட்டமும் தெளிவாக இருக்க, மிதிக்கிற கால் கலங்கிப்போகும். "கால் தெளிவில்லையே" என்று சிலர் குறைப்படுவார்கள். கலங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கால் உறைந்துபோனால் பிறகு என்ன ஓட்டம்?

வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு 1/30, போட்டியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர்களுக்கு 1/60. இரண்டிலும் சைக்கிள் கடக்கும் தூரம் ஒன்றுதான் என்பதால் கலங்கலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஷட்டரை நாமே வைத்துக்கொண்டு மற்றதைக் கமராவிடம் விடலாம். வெளிச்சத்தைக் கமரா உணரும் அளவான ஐஎஸ்ஓ 100. ஃபோக்கஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்க வேண்டும், புள்ளி முகத்தில். கெனன் லென்ஸில் நடுக்கம் குறைக்கும் பொத்தானுக்கு 1, 2 என்று இருந்தால் 2இல் போடுங்கள். 1இல் விட்டால் நாம் வேண்டுமென்று திருப்புவதையும் நடுக்கம் என்று நினைத்து அது இழுத்துப் பிடிக்கும். நம் ஊர் வெயில்தான் பெரிய பிரச்சினை. பத்து மணிக்குப் பிறகு 1/30 வைத்தால், லென்ஸின் துளையை எஃப் 22 வரை சிறிதாக்கினாலும் படம் வெளிறிப்போகும். அப்போது வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் கறுப்பு ஃபில்டர் போட்டால் எஃப் 11க்கு வந்துவிடலாம். ஃபில்டர் இல்லையா, காலை ஏழு மணிக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.

இனி உடம்பு. இதைத்தான் பிள்ளைகள் கடைசியாகப் பிடிக்கிறார்கள். சைக்கிள் எந்த இடத்தில் நமக்கு நேர் எதிரே வருமோ, அந்த இடத்தைப் பார்த்துக் காலை ஊன்ற வேண்டும். அப்புறம் இடுப்பை மட்டும் திருப்பி, வருகிறவரைத் தூரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். அவர் நேரே வருவதற்குச் சற்று முன் அழுத்தி, கடந்து போன பிறகும் இடுப்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி உள்ள கமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வியூஃபைண்டர் இருண்டுவிடும். படம் விழுகிற அந்தக் கணத்தில் அவரை நாம் பார்க்கவே முடியாது. இருட்டில் இடுப்பு தானாக அதே வேகத்தில் போக வேண்டும். பலர் அழுத்தியதும் நின்றுவிடுகிறார்கள், படம் அங்கேதான் கெடுகிறது. நான் முதலில் பிள்ளைகளைக் கமரா இல்லாமல் வீதியோரம் நிறுத்தி, போகிற வருகிறவர்களை இடுப்பால் பின்தொடரச் சொல்வேன். வெட்கப்படுவார்கள். ஆனால் இது கைக்கு வர வேறு வழி எனக்குத் தெரியாது.

ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பத்து மீற்றர் தள்ளி நின்று 70 மில்லிமீற்றர் லென்ஸில் பார்த்தால் சைக்கிள் படத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். கிட்ட நின்றால் முன்சில்லு ஒரு வேகத்திலும் பின்சில்லு இன்னொரு வேகத்திலும் கடக்கிற மாதிரி ஆகி, ஒரு பாதிதான் தெளிவாக விழும்.

எந்தப் புத்தகமும் சொல்லாத சிக்கல் ஒன்று நம் ஊரில் உண்டு. கமராவைக் கண்டால் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். மரியாதைதான். மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு தினமும் போகிற ஐயா ஒருவர் என்னைக் கண்டதும் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றினார்.

"தம்பி, நான் நிக்கணுமா?"

"நிக்க வேணாம் ஐயா. நீங்க உங்க பாட்டுக்கு ஓடுங்க."

"ஓடினா படம் கலங்காதா?"

"கலங்காது, நீங்க போங்க."

அடுத்த முறை சாரத்தை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, ஹோர்னை ஒரு தரம் அமுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போனார். பின்னால் மதில் முழுக்கக் கோடு. சட்டத்தில் லுமாலா என்ற சைக்கிள் கம்பனிப் பெயரை வாசிக்க முடிந்தது. பிரதி ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒருவரை வீதியில் எடுத்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், முடிந்தால் படத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு விளையாட்டுக் கழகங்கள் சைக்கிளோட்டம் வைத்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே என் ஆசைக்கு முதலிடம் இல்லை. வென்றவரின் முகமும் இலக்கமும் அவர்களுக்கு வேண்டும், அதை முடிவுக் கோட்டில் 1/1000இல் ஒருவர் எடுத்தே தீர வேண்டும். பேனிங்குக்கு நான் தனியாக நிலாவெளி வீதியின் நேரான பகுதிக்குப் போய்விடுவேன். பத்துப் படத்துக்கு இரண்டு தேறினாலே நல்ல நாள் என்பதைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மெதுவாக ஓடும் போட்டிக்கு இந்த வித்தை செல்லாது, அங்கே ஆள் நகர்வதே இல்லை.

கடல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களும் உண்டு. கல்யாணச் சோடிகள் இப்போது சைக்கிளில் போகிற மாதிரிக் கேட்கிறார்கள். அவர்களைக் கரையில் வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் பக்கம் கூட்டிப் போவேன். நீலம், மஞ்சள், சிவப்பு என்று தீட்டிய வள்ளங்கள், இடையிடையே தென்னை மரம். அவற்றுக்கு மேலால் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும், வேகத்தை வள்ளங்கள் காட்டிவிடும். இருவர் ஏறிய சைக்கிள் மெல்லத்தான் போகும், அதனால் ஷட்டரை 1/20க்கு இறக்கிவிடுவேன். மாப்பிள்ளையிடம் கேட்பது ஒன்றுதான்: ஒரே சீராக மிதியுங்கள், என்னைப் பார்க்க வேண்டாம்.