இரண்டு பூப்பொட்டலங்கள்

அப்பாவுக்கு எடுத்த பயாப்ஸியின் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் அம்மாவும் நானும் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினோம். என் கைப்பையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. எது எதுவென்று எனக்கே தெரியாதபடி ஒரே மாதிரி காகிதத்தில் மடித்துக் குலுக்கி வைத்திருந்தேன். சந்நிதி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் புதிதில்லை. நிலம் வாங்கும்போது பாட்டி பார்த்திருக்கிறாள், கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அத்தை பார்ப்பாள். அம்மா மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் அவளிடம் நான் சொல்லவில்லை.

217 அடி ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போனபோது நல்ல கூட்டம். அண்ணாமலையார் முன்னால் தீபாராதனை பார்த்தது அரை நிமிஷம் இருக்கும். அதற்குள் வரிசை தள்ளிவிட்டது. பொட்டலத்தை வெளியே எடுக்கவே முடியவில்லை. பிராகாரம் சுற்றும்போது கருவறைக்குப் பின்புறச் சுவரில் இருக்கும் லிங்கோத்பவர் முன்னால் அம்மா நின்றாள். மேலே முடியைத் தேடி அன்னமாகப் பறக்கும் பிரம்மா, கீழே அடியைத் தேடி வராகமாகத் தோண்டும் விஷ்ணு, நடுவில் அடியும் முடியும் தெரியாமல் நிற்கிற சிவம். இந்தத் தலத்தின் கதையே அதுதானே.

அம்மா திரும்பாமலே கேட்டாள். "பையில என்னடி வச்சிருக்க?"

காலையிலேயே பார்த்திருக்கிறாள். சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"அடியைத் தேடிப் போனவர் தெரியலைன்னு ஒத்துக்கிட்டார். முடியைத் தேடிப் போனவர் சாட்சிக்கு ஒரு பூவைக் கூட்டிட்டு வந்தார். என்ன ஆச்சு?"

பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவை இன்றைக்கும் சிவபூஜைக்கு எடுப்பதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். பையில் பூவை வைத்துக்கொண்டு கேட்டபோது நெஞ்சில் வேறு மாதிரி இறங்கியது.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கிரிவலம் கிளம்பினோம். செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடக்கும் வழி என்று அம்மா என்னை இடது ஓரமாகவே நடக்க வைத்தாள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், அப்புறம் ரமணாசிரமம், எம லிங்கம். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஒவ்வொரு லிங்கத்திடமும் கொஞ்சம் உட்கார்ந்து, முட்டியைத் தடவிவிட்டு, "அருணாசலா" என்று எழுந்துகொள்வாள்.

ஆதி அண்ணாமலைக்கு வரும்போது நன்றாக வெளுத்துவிட்டது. இருட்டில் கறுப்பாகக் கூடவே வந்த மலை இப்போது பச்சையும் பாறையுமாகத் தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து பார்த்த மலை இல்லை இது. திருப்பத்துக்குத் திருப்பம் வேறு உருவம். அன்றைக்கு உச்சியை மேகம் மூடியிருந்தது.

"என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்? நீயே பார்த்துக்கோன்னு சொன்னேன்."

"பார்த்துக்கலைன்னா?"

கேட்டிருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து அடி அவள் பேசாமல் நடந்தாள்.

"அப்பவும் அவர்கிட்டதான்டி வரணும். வேற எங்க போவேன்?"

அழுதுவிட்டேன். நாலு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை அது. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

வாயு லிங்கத்தில் கூட்டமில்லை. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் தன் பாட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்து எடுத்துக் கொடுத்திருப்பாள். பொட்டலங்களை வெளியே எடுத்தேன். ராத்திரி முழுக்கப் பைக்குள் இருந்ததில் காகிதம் ஈரத்தில் ஊறி, மூலையில் கிழியத் தொடங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துக் குருக்களிடம் நீட்டினேன். அவர் தட்டில் பிரித்துக் கொட்டினார். வாடிய அரளியும் ஓரம் பழுப்பேறிய நந்தியாவட்டையும் ஒன்றாகக் கலந்து லிங்கத்தின் மேல் விழுந்தன. எந்தப் பொட்டலத்தில் எது இருந்தது என்று நான் பார்க்கவில்லை. குருக்கள் கொடுத்த விபூதியில் பாதியை அம்மா அப்பாவுக்கென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மனசு வரவில்லை. எழுதினால் அதுவும் ஒரு பூப்பொட்டலம் ஆகிவிடும். அன்று உறையை நான் வீட்டுக்கு எடுத்து வந்தபோது, பிரிப்பதற்கு முன்பே அம்மா சாமி விளக்கை ஏற்றியிருந்தாள். அப்பா நெற்றி நிறைய அந்த விபூதி.