என்னைப் பற்றிய கோப்பைக் கேட்டுப் பெற்ற அனுபவம்

2023 நவம்பர் இறுதியில், மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் போரில் மாண்டவர்களை நினைத்து ஏற்றிய ஒரு விளக்கின் படத்தை, நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி முகநூலில் இட்டிருந்தேன். பத்து நாட்களில் ஓர் அரச அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. மேசையில் இருந்த கோப்புக்குள் அந்தப் பதிவின் அச்சுப் பிரதி கிடந்தது. ஒரு மணிநேரம் விசாரித்துவிட்டு, தேநீரும் தந்து அனுப்பினார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயர் ஒரு தடவைதான் உச்சரிக்கப்பட்டது; அன்றிரவு நான் தூங்காதிருக்க அது போதும்.

பூட்டி வைத்த பதிவு அந்தக் கோப்புக்குள் எவ்வழியாகப் போனது? இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அவசர நிலைமைகள் தவிர, ஒருவரின் மின்னணுத் தொடர்பாடலை இடைமறிப்பதற்கு நீதவானின் ஆணை வேண்டும். அப்படியோர் ஆணை பெறப்பட்டதா என்றும், என்னைப் பற்றிய கோப்பின் பிரதியைத் தருமாறும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்துக்கு எழுதினேன். தனிப் படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளே போதும். கடிதத்தை வாங்கியவர், "என்னத்துக்குத் தம்பி இதெல்லாம்?" என்று கேட்டார். காரணம் சொல்ல வேண்டிய கடமை விண்ணப்பதாரிக்கு இல்லை என்பதைப் பணிவாகச் சொல்லி, பெற்றுக்கொண்டமைக்கான சிட்டையைக் கையோடு வாங்கினேன். பின்னர் வரும் காலக்கெடுக்கள் எல்லாம் அந்தத் திகதியில் தொங்குகின்றன என்பதால், அதை வாங்காமல் எவரும் திரும்ப வேண்டாம்.

பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் வந்தது: மறுப்பு. காரணம், 5(1)(அ) பிரிவு. அதாவது ஒருவருடைய அந்தரங்கத்தில் நியாயமற்ற தலையீடு ஏற்படுமாம். அந்த ஒருவர் நான்தான். எமது அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கென்று தனியான உரிமை கிடையாது. தகவல் அறியும் உரிமையைத் தரும் 14அ உறுப்புரையில் அந்தச் சொல் வருவதும் அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாகத்தான். எனக்கு வந்த கடிதத்திலும் அது அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் அதே பிரிவு, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் தகவலைத் தரலாம் என்றும் சொல்கிறது. என் அந்தரங்கத் தகவலை எனக்கு வெளிப்படுத்த நான் சம்மதிக்கிறேன் என்று எழுதி ஒப்பமிட்டு, முதல் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் முடியும் தறுவாயில் இரண்டு தாள்கள் வந்தன. நீதவான் ஆணை பற்றிய கேள்விக்குத் தேசிய பாதுகாப்பு என்ற ஒற்றை வரி. மற்றைய தாள் என் பதிவின் பிரதி. விளக்கு, என் பெயர், நண்பர்களுக்கு மட்டும் என்பதைக் காட்டும் சிறு அடையாளம், எல்லாம் தெளிவாக இருந்தன. கீழே, கருத்து எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், பார்ப்பவருடைய முகப்படம் தெரியும் சிறிய வட்டத்தை மட்டும் கறுப்பு மையால் அழுத்தி நிரப்பியிருந்தார்கள்.

இடைமறிக்க எந்த இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. என் நட்புப் பட்டியலில் உள்ள ஒரு கணக்கிலிருந்து எடுத்த பிரதி அது. ஆணை பற்றிய கேள்வியைத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோக இரண்டு மாத அவகாசம் இருந்ததால், மறுவாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்த வட்டத்தைப் பற்றி மேன்முறையீட்டில் எதுவும் கேட்கவில்லை. தாளை ஒருமுறை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மை நன்றாகவே ஊறியிருந்தது.